தங்கைக்கு எழுதாத வீடு

விழிதியூரில் எங்கள் தெருவில் மாடி வைத்துக் கட்டிய முதல் வீடு தெட்சிணாமூர்த்தி அண்ணனுடையது. பிரான்சில் உழைத்து அவர் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு. ஆனால் ஊரில் யாரும் அதை அவர் வீடு என்று சொன்னதில்லை. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், நடவுக்கு வரும் பெண்கள் எல்லாருக்கும் அது வல்லி வீடு. பங்கஜவல்லி அவருடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிறந்ததிலிருந்து அதே மனையில், முதலில் ஓட்டு வீட்டிலும் பிறகு மாடி வீட்டிலுமாக இருந்தவர்.

போன வருஷம் ஆனி மாதம் அவர் அந்த வீட்டை விட்டுப் போனார். சாமான் ஏற்றிய சின்ன லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். எனக்கு அடுத்த வீடு என்பதால் கூட இருந்து ஏற்றிவிட்டேன். என் பேர் அல்லி. காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்து அவரை வல்லியக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அண்ணி பிடுங்கிக்கொண்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் சரியில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

வல்லியக்கா பத்தாவது முடித்து, பயிற்சியும் முடித்து, அம்பகரத்தூர் பால்வாடியில் டீச்சராக இருந்தார். அரசாங்க வேலைதான், நிரந்தரமாகும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தினமும் ஏழரை மணி பஸ்ஸில் போவார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கைப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன பெண் அவர் ஒருத்தர்தான். அண்ணன் டிப்ளமோ படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். அப்பா செத்துப் போனதும் அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் அவர்களைச் சொல்தா என்பார்கள். அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளை பாரிஸ் போகலாம். பெண் பிரதீபா.

கல்யாணச் செலவுக்கும் பயணத்துக்கும் நிலத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நிலமும் மனையும் அப்பா பேரில் இருந்தன. அம்மா, மகன், மகள் மூன்று பேருக்கும் உரிமை உண்டு. பேங்கில் பட்டா ஒரே பேரில் இருந்தால் நல்லது என்றார்கள். அம்மாவும் வல்லியக்காவும் காரைக்கால் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்கு இதில் எந்தப் பங்கும் வேண்டாம், எல்லாம் அவருக்கே என்று. வெளியே வந்ததும் அண்ணன் இரண்டு பேருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாராம். “என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன வல்லி” என்று சொன்னாராம். வல்லியக்கா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அண்ணன் போன மூன்றாம் வருஷம் அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. தூக்கி உட்கார வைக்கவும் ஒரு ஆள் வேண்டும். அண்ணன் போன் செய்தார். “வேலையை விட்டுடு வல்லி. அந்தச் சம்பளத்தை நான் அனுப்புறேன். அம்மாவைப் பாத்துக்க.” வல்லியக்கா விட்டுவிட்டார். அதற்கு நடுவில் திருநள்ளாறு பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மின்சாரத் துறையில் இருந்தார், பெண்ணைப் பார்த்துப் பிடித்தும் போயிற்று. அம்மாவை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது அண்ணன், “கொஞ்சம் பொறுக்கச் சொல்லு” என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தை மாதம் வரை பொறுத்தார்கள். அம்மா எட்டு வருஷம் இருந்தார்.

அந்த எட்டு வருஷத்தில் வல்லியக்கா முழு விவசாயி ஆகிவிட்டார். ஒன்பது மா, கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் நிலம். வாய்க்கால் முடிகிற கடைமடை என்பதால் ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஒரேயடியாக வரும். வரப்பில் நின்று ஆண்களோடு சண்டை போட்டு மடை திறந்துவிடுவார். அறுவடை மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்து முதல் ஆளாகப் பிடித்துவிடுவார். விளைந்ததை விற்று, ஓட்டு வீட்டைப் பழுது பார்த்து, அம்மாவுக்கு மருந்து வாங்கி, அனுப்புவதாகச் சொன்ன சம்பளத்துக்குக்கூட அண்ணனிடம் கை நீட்டாமல் ஓட்டினார். நெல்லுக்கு வந்த பணம் அண்ணன் பேரில் இருந்த கணக்குக்குப் போகும், அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் காசோலையில்தான் எடுக்க வேண்டும். வரி அண்ணன் பேரில். புயல் நிவாரணம் வந்தால் அதுவும் அண்ணன் பேரில். அந்த வீட்டில் வல்லியக்கா பேரில் இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான்.

அம்மா காலமான பிறகு மாடி வீடு எழும்பியது. வரைபடம் பிரான்சிலிருந்து வந்தது. மேஸ்திரியை வேலை வாங்கியது வல்லியக்கா. மேலே ஏசி போட்ட அறை, வெளிநாட்டு மாதிரி குளியலறை, கண்ணாடி வைத்த பால்கனி. அண்ணன் வருஷத்தில் ஒரு மாதம் வந்து அதில் இருப்பார். மற்ற பதினொரு மாதமும் அது பூட்டிக் கிடக்கும். வாரம் ஒரு முறை திறந்து துடைத்துப் பூட்டுவார் வல்லியக்கா. அவர் படுத்தது கீழே, சமையலறையை ஒட்டிய அறையில். “நீங்களும் மேல படுக்கலாமே அக்கா” என்று ஒரு கோடையில் கேட்டேன். “அது அண்ணன் ரூம்” என்றார்.

அண்ணன் தனியாகத்தான் வருவார். பிரதீபாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே அவர் தனியாக ஒரு அறை எடுத்துப் போய்விட்டார். மகள் கவியா அம்மாவோடு இருந்தாள். கோர்ட்டுக்குப் போய் முறித்துக்கொள்ளவில்லை. “எதுக்கு அந்தச் செலவு” என்பாராம். பிரிந்து இருந்தார்களே தவிர, காகிதத்தில் கணவன் மனைவிதான்.

கஜா புயல் அடித்த வருஷம் வீட்டு மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி பறந்துபோய் வயலில் விழுந்தது. அடுத்த தை மாதம் அண்ணன் வந்தார். அப்போது அவருக்கு முதல் தடவை நெஞ்சில் ஒரு கோளாறு என்று சொல்லியிருந்தார்கள். அதை யாரிடமும் சொல்லாமல், காரைக்காலில் பத்திரம் எழுதும் சோமசேகரனைப் போய்ப் பார்த்திருக்கிறார். வீடு தங்கைக்கு, நிலம் மகளுக்கு என்று உயில் எழுதச் சொல்லியிருக்கிறார். சோமசேகரன் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிட்டார். மறுநாள் இரண்டு சாட்சியோடு வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் தங்கையிடம் சொன்னார். வல்லியக்கா பதறிவிட்டார். நான் தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன், என் காதில் விழுந்தது.

“தை வெள்ளிக்கிழமையும் அதுவுமா உயில் எழுதப் போறேங்கிறீங்களே அண்ணே. நல்லா இருக்கிற மனுஷன் எழுதுறதா அது?”

“சும்மா ஒரு பேப்பர்தான் வல்லி. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா...”

“அந்த வார்த்தை வேணாம். உங்களுக்கு அப்புறம் எனக்கு இந்த வீடு எதுக்கு? நான் உங்களுக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவேன்.” அழவும் ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் சிரித்துவிட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “சரி சரி, அழுவாத. அடுத்த தடவை பாத்துக்கலாம்.” சோமசேகரனுக்குப் போன் போட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் வல்லியக்கா வடை பாயசத்தோடு சமைத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

அடுத்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கொரோனா. அவரால் வர முடியவில்லை. அதற்கடுத்து வந்தபோது பத்து நாள் லீவுதான் கிடைத்தது. அதில் பாதி நாள் கோயில் குடமுழுக்கு வேலையில் போயிற்று. கிளம்பும் அவசரத்தில், “அந்தப் பேப்பர் வேலை ஒண்ணு பாக்கி இருக்கு” என்று கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரே சொன்னார். வல்லியக்கா இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள் என்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எனக்கு எழுதிக் கொடு என்று கேட்பது மாதிரி ஆகிவிடுமே.

அதற்கு மறு வருஷம் புரட்டாசியில், வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தபடியே அண்ணன் போய்விட்டார். கவியாதான் போனில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் சரியாக வராது. “அத்தை, பப்பா இல்ல” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கே இல்லை என்று வல்லியக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். தகனத்தை என் போனில் வீடியோவில் பார்த்தோம். பெட்டி ஒரு கதவுக்குள் போனது, கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

தை மாதம் பிரதீபாவும் கவியாவும் அஸ்தியோடு வந்தார்கள். கருக்களாச்சேரி கடற்கரையில் கரைத்தோம். படகுக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் உள்ளே கூட்டிப் போனார். கவியா முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்து அத்தை தோளில் சாய்ந்து அழுதாள். வல்லியக்கா அவள் தலையைத் துவட்டிவிட்டார். பிரதீபா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பிரதீபா மாடியறையைத் திறந்து பார்த்தார். நானும் வல்லியக்காவும் பின்னால் போனோம். அலமாரியில் அண்ணன் சட்டைகள் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. பிரதீபா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார்.

“இது எந்த வருஷம் கட்டினது வல்லி?”

வல்லியக்கா சொன்னார்.

“அந்த வருஷம்தான் கவியா ஸ்கூல்ல பனிமலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாப் பிள்ளையும் போச்சு. இவ போகல. பணம் இல்லைன்னுட்டாரு. நான் ரெண்டு இடத்துல வீட்டு வேலை செஞ்சுக்கிட்டிருந்தேன். இங்க பாருங்க, துண்டு காயப்போட வெந்நீர்க் குழாய் வச்ச கம்பி. எங்க வீட்டுலகூட இது கிடையாது.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணி. மேஸ்திரிகிட்ட கொடுன்னு அனுப்பினாரு, கொடுத்தேன்.”

“தெரியாதுன்னுதான் நானும் நினைக்கிறேன்.” பிரதீபா குரலை உயர்த்தவில்லை. “தெரிஞ்சிருந்தா மட்டும் வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?”

வல்லியக்கா திறந்து கிடந்த அலமாரியைச் சாத்தினார்.

வீட்டையும் நிலத்தையும் விற்கப்போவதாகப் பிரதீபா அப்போது சொன்னார். அவசரம் இல்லை, விலை படிகிற வரைக்கும் நீங்கள் இருக்கலாம் என்றார். விருந்துக்கு வந்தவரிடம் சொல்வது மாதிரி மரியாதையாகச் சொன்னார். வல்லியக்கா தன் போனை எடுத்தார். கொரோனா காலத்தில் அண்ணன் அனுப்பிய குரல் பதிவை வைத்தார். “வல்லி, இதெல்லாம் முடியட்டும். வந்ததும் முதல் வேலை அதான். வீடு உன்னுதுதான். யாரு வந்து கேக்கப் போறா” என்று அண்ணன் குரல் அந்த அறையில் கேட்டது.

கவியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரெஞ்சில் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். பிரதீபா தமிழிலேயே பதில் சொன்னார். “சொன்னாரு. என்கிட்டயும் நிறைய சொன்னாரு.”

அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கவியா காரில் ஏறும் முன், “நான் அம்மாகிட்ட பேசுறேன் அத்தை. இங்க நீங்க இருங்க” என்றாள். அதை வல்லியக்கா நம்பினார். நானும் நம்பினேன்.

ஆனாலும் கேட்டு வைப்போம் என்று காரைக்காலில் வக்கீல் காதர் பாட்சாவிடம் கூட்டிப் போனேன். எங்கள் பள்ளிக்கூட வழக்குகளைப் பார்ப்பவர், நேராகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் ஒன்றைத்தான் கேட்டார்.

“உங்க அப்பா சொத்துல உங்களுக்கு மூணுல ஒரு பங்கு இருந்திருக்கணுமே. அது என்னாச்சு?”

“எழுதிக் கொடுத்துட்டேன் சார்.”

“பதிவு பண்ணிக் கொடுத்தீங்களா?”

“ஆமா சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். “உங்க அண்ணனுக்கு மனைவி இருக்காங்க, மக இருக்கு. அவங்க முதல் வகுப்பு வாரிசு. தங்கச்சி ரெண்டாம் வகுப்பு. முதல் வகுப்புல ஒருத்தர் உயிரோட இருந்தாக்கூட ரெண்டாம் வகுப்புக்கு ஒரு செங்கல் கிடையாதும்மா.”

வல்லியக்கா குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். சோமசேகரன் அன்றைக்கு அடித்து வைத்த உயில் நகலையும் வாங்கிப் போயிருந்தோம். அதில் எல்லாம் சரியாக இருந்தது. பெயர், சர்வே எண், நான்கு எல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு விட்ட இடம் மட்டும் காலி.

“குரல் உயில் ஆகாது. கையெழுத்து இல்லாத இது வெறும் பேப்பர்” என்றார் வக்கீல். “உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர்கூட வேணாம், பதிவுகூடக் கட்டாயம் இல்ல. வெள்ளைப் பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட இருந்த ரெண்டு பேர் சாட்சி போட்டிருந்தாப் போதும். கால் மணி நேர வேலை. வெளிநாட்டுல இருக்கிறவங்க இதைத்தான் செய்யறதில்ல. அங்க இருக்கிற பணம் அந்த நாட்டுச் சட்டப்படி போகும், இங்க இருக்கிற மண்ணு இந்த நாட்டுச் சட்டப்படி போகும். ரெண்டுக்கும் எழுதி வச்சிட்டா யாருக்கும் தொல்லை இல்ல. யாரு செய்யறா? என்கிட்ட வர்றதெல்லாம் செத்த பிறகு வர்ற கேசு.”

“கேஸ் போட்டா?” என்று நான் கேட்டேன்.

“போடலாம். இழுக்கலாம். ஜெயிக்க முடியாது. இவங்க ஆயுசுல பாதி கோர்ட் வராந்தாவுல போயிடும்.”

வல்லியக்கா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

இதற்கிடையில் வல்லியக்காவின் பெரியப்பா மகன் செல்லையன் வந்தார். ஊரில் நிலம் வாங்க விற்க நடுவில் நிற்கிறவர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு யோசனை சொன்னார். “சோமசேகரன் அடிச்ச பேப்பர் இருக்குல்ல? அதுல கையெழுத்து மட்டும்தானே இல்ல. அண்ணன் கையெழுத்து உனக்குத் தெரியாததா? எத்தனை தடவை பாத்திருப்பே. ஒரு சாட்சி நான். இன்னொரு சாட்சிக்கு ஆள் இருக்கு. அந்தத் தை மாசத் தேதியே போட்டுக்கலாம். வீட்டை நீ எடுத்துக்க, எனக்கு ஏதாவது பாத்துச் செய்.”

நான் அங்கேதான் இருந்தேன். வல்லியக்கா உடனே மறுக்கவில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தக் கையெழுத்து நன்றாகவே வரும். அம்மா மருந்துச் செலவுக்கு அந்தக் காசோலைகளை மாற்றிய காலத்திலிருந்து பார்த்து வந்தது.

“வேணாம்ணே” என்றார் கடைசியில். “அவரு போடாத கையெழுத்தை நான் போட்டா, அவரு வாயால சொன்னதும் பொய்யாயிடும்.”

“சொன்னதை வச்சு நாக்கு வழிக்கவா முடியும்?” என்று சொல்லிவிட்டு செல்லையன் எழுந்து போனார்.

சித்திரையில் வாரிசுச் சான்றிதழுக்காக வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வந்தார். பிரதீபா பிரான்சிலிருந்தே விண்ணப்பித்திருந்தார். இறந்தவர் வீடு என்பதால் ஆய்வாளர் நேராக அங்கேதான் வந்தார். வல்லியக்கா நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்.

“இறந்தவருக்கு மனைவி ஒருத்தர்தானா? வேற யாரும் இல்லையே?”

“ஒருத்தர்தான் சார்.”

“பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு.”

“அம்மா?”

“முன்னாடியே தவறிட்டாங்க.”

“நீங்க யாரு?”

“தங்கச்சி.”

“சரி. இங்க சாட்சியா ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

போட்டார். பங்கஜவல்லி என்று முழுப் பெயரையும் எழுதினார். ஆய்வாளர் நல்ல மனிதர்தான். இப்படிப் பொய் பேசாமல் சொல்கிற வீட்டைப் பார்ப்பது அபூர்வம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

வைகாசியில் பவர் பத்திரம் வந்துவிட்டது. விற்கும் அதிகாரத்தைப் பிரதீபாவும் கவியாவும் சேர்ந்து ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒருவர் செல்லையன். கவியாவின் கையெழுத்து அம்மா கையெழுத்துக்குக் கீழே அழகாக இருந்தது. வல்லியக்கா அவளுக்குப் போன் செய்தார். மணி அடித்து நின்றது. மறுநாளும் அப்படித்தான். நாலு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். “அத்தை மன்னிச்சிடுங்க, எனக்கு வேற வழி இல்ல.” அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஏன் வேறு வழி இல்லை என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டைக் காலி செய்ய வேண்டிய அந்த மாதத்தில்தான், எதிர்வீட்டுக் கார்முகில் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். கப்பல் பட்டறையில் வேலை. மனைவி எழில்மதி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. ஊரில் புது வீடு பாதி கட்டி நிற்கிறது. வல்லியக்கா சாமான் கட்டுவதை நிறுத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

“தம்பி, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு உயில் எழுதி வச்சிட்டுப் போ. யாருக்கு எதுன்னு எழுதிடு. அங்க இருக்கிற பணத்துக்கும் யார் பேரு போட்டிருக்கேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிடு. என்னைப் பாக்கிறியே.”

கார்முகில் தலையை ஆட்டினான். ஆனால் எழில்மதிக்கு முகம் மாறிவிட்டது. “பெரிய மனுஷின்னு உள்ள விட்டா, விளக்கு வச்ச நேரத்துல எங்க வீட்டுல வந்து சாவுப் பேச்சு பேசுறீங்களே. அவரு நாளன்னிக்குப் பிளேன் ஏறணும். உங்களுக்கு வாழ்க்கை இப்படிப் போயிடுச்சுன்னா ஊருக்கெல்லாம் அப்படியே போகணுமா?”

“இல்லம்மா, நான் சொல்ல வந்தது...”

“போதும், போங்க.”

வல்லியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருவில் நடக்கும்போது, “அவமேல தப்பு இல்ல” என்றார். “நானும் இதைத்தான் சொன்னேன். இதைவிட அழுதுகிட்டுச் சொன்னேன்.” கார்முகில் எதுவும் எழுதாமல் சிங்கப்பூர் போய்விட்டான்.

வீட்டை வாங்கியவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். நிலம் தனியாக விலை போயிற்று. அதில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். கிளம்பும் அன்று செல்லையன் ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். பிரதீபா கொடுக்கச் சொன்னதாம். வல்லியக்கா தூக்கி எறிவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். “எறிஞ்சிட்டு எங்க போய்ச் சாப்பிடுறது அல்லி” என்றார் என்னிடம். மாடியறைச் சாவியையும் வாசல் சாவியையும் ஒரே வளையத்தில் போட்டு செல்லையனிடம் கொடுத்தார்.

அம்பகரத்தூரில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை எடுத்திருக்கிறார். அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிடும் ஆயா வேலை. ஒரு காலத்தில் அதே ஊரில் டீச்சராக இருந்தவர். அந்தப் பால்வாடியில் அவரோடு சேர்ந்த பெண் இப்போது பென்ஷன் வாங்குகிறார். தெருவில் பார்த்தால் நின்று பேசுவாராம். வல்லியக்கா பேச்சைச் சுருக்கிக்கொண்டு போய்விடுவாராம்.

இந்த ஆடி அமாவாசைக்கு அவரைக் காரைக்கால் கடற்கரையில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அவர் அப்பாவுக்குத் திதி கொடுக்க, நானும் கூடப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒரு ஐயர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் இலை, எள்ளு, தண்ணீர்ச் சொம்பு.

“யாருக்கும்மா?” என்றார் ஐயர்.

“அண்ணனுக்கு.”

“அண்ணாவுக்கு நீங்க செய்யறதில்லையே. அவருக்கு வாரிசு யாரும் இல்லையா?”

“இருக்காங்க. பிரான்சுல.”

“அவா செய்யமாட்டாளா?”

“கேட்டதில்ல.” வல்லியக்கா வலது கையை நீட்டினார். “எள்ளைப் போடுங்க சாமி. அவரு பேரு தெட்சிணாமூர்த்தி.”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எள்ளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

எழுந்து வந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“கோவம் போகல அல்லி” என்றார். “ராத்திரி படுத்தா அவரை நினைச்சு அப்படி வருது. ஆனா பட்டினி போட மனசு வரல.”

ஏதாவது சாப்பிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அம்பகரத்தூர் பஸ் பிடிக்க வேகமாக நடந்து போனார்.